கடதாசி இருக்கும் வீடும் கடதாசி இல்லாத வீடும்

கடந்த தவணை விடுமுறையில் எமது சங்கத்தின் மகளிர் பிரிவுத் தோழியர் மூவரும், தோட்டப் பாடசாலை ஆசிரியர்களான நாம் இருவரும் ஈச்சிலம்பற்றில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். அங்குள்ள மாதர் சங்கத்தார் அழைத்திருந்தார்கள். "உங்கட தோட்டத்திலயும் பொம்பிளையள் வெளிநாடு போறாங்க, எங்கட ஊரிலயும் போறாங்க. ஒருக்கா இருந்து கதைப்பம், வாங்க" என்று தொலைபேசியில் சொன்னார்கள். அந்த அழைப்பை ஏற்றுத்தான் போனோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் எமது தோட்டத்து மக்கள் முன் வைக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறோம்.

எமது மலைகளில் ஊற்றெடுக்கும் மகாவலி, கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், வெருகல் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது ஈச்சிலம்பற்று. வயல், மாடு, களப்பு, கடல் என்பன அங்குள்ளவர்களின் தொழில். 2004இல் சுனாமி அடித்தது. 2006 ஜூலை இறுதியில் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை அவர்களை வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் துரத்தியது. மீண்டும் ஊர் வந்தபோது மாடும் இல்லை, வலையும் இல்லை. பிறகு நுண்கடன் கொடுக்கிற கொம்பனிகள் வாசலுக்கு வந்தன. கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடன் அது. அந்தக் கடனை அடைக்கத்தான் வெளிநாடு போக முடிவெடுத்தோம் என்று எம்மோடு பேசிய பெண்களில் பலர் சொன்னார்கள்.

எமது தோட்டங்களின் கதை வேறென்றாலும் முடிவு ஒன்றுதான். 2021இல் 1,000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று நாட்சம்பளம் ஏறியது. அந்த உயர்வு கைக்கு வருமுன் அரிசியும் மாவும் பஸ் கட்டணமும் ஏறிவிட்டன. லயத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் இப்போது குவைத்துக்கும் சவூதிக்கும் போகிறார்கள். நாட்டின் நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்து வேலைக்காக வெளிநாடு போனார்கள். பதிவு செய்யாமல் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடுகள்

மாதர் சங்கத் தலைவி எம்மை ஓர் ஒழுங்கைக்குக் கூட்டிப் போனார். அங்கே எதிரெதிரே இரண்டு வீடுகள். இரண்டு வீட்டிலும் அம்மா இல்லை.

முதல் வீட்டு அம்மா பணியகத்தில் பதிவு செய்து, உரிமம் உள்ள முகவர் நிலையம் ஒன்றின் ஊடாகக் குவைத்துக்குப் போனவர். கணவர் கூலிக்கு வயல் செய்கிறார். பத்தாம் மாதத்தில் சம்பளம் நின்றது. நான்கு மாதம் ஒரு சதமும் வரவில்லை. அந்த மனிதர் ஒரு பொலித்தீன் பையை எடுத்து எம் முன்னால் விரித்தார். வேலை ஒப்பந்தத்தின் பிரதி, கடவுச்சீட்டின் பிரதி, பணியகத்தில் பதிந்த பற்றுச்சீட்டு, முகவர் நிலையத்தின் உரிம இலக்கம், வீட்டு எசமானின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எல்லாம் அதற்குள் இருந்தன. அந்தப் பையோடு பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் போனார். முறைப்பாடு எழுதினார்கள். முகவர் நிலையத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பல தடவை அலைந்தார். கடைசியில் நின்ற சம்பளம் இரண்டு தவணையாக வந்து சேர்ந்தது.

எதிர் வீட்டு அம்மா விசிட் விசாவில் போனவர். போகும்போது கடைசிப் பிள்ளைக்கு ஒன்றரை வயது. அந்த வயதில் பிள்ளை இருந்தால் வீட்டு வேலைக்குப் பதிவு செய்ய முடியாது. மோட்டார் சைக்கிளில் வந்த உப தரகர் ஒருவர், பதிவே தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வீட்டுக்கு முற்பணமும் கொடுத்தார். எயார்போட்டில் யாராவது கேட்டால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லச் சொன்னார். முதலில் துபாய்க்குப் போனார். அங்கிருந்து வேறொரு நாட்டுக்கு மாற்றினார்கள். சில மாதம் காசும் வந்தது, போனும் வந்தது. பிறகு இரண்டும் நின்றுவிட்டன.

பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மா சொன்னார்: "எந்த நாட்டில நிக்கிறா எண்டும் தெரியா டீச்சர். எந்த வீட்ட நிக்கிறா எண்டும் தெரியா. ஒப்பீசுக்குப் போனா ஏஜென்சி எது, கொன்ராக்ட் எங்க எண்டு கேக்கிறாங்க. நான் எதைக் காட்டுவன்?"

அவரிடம் காட்ட ஒரு கடதாசியும் இல்லை. தரகரைக் கேட்டால், டிக்கட் மட்டும்தான் எடுத்துக் கொடுத்தேன் என்கிறார். பொலிசுக்குப் போவோம் என்றால், நீங்களும் காசு வாங்கினீர்கள்தானே, உங்களையும் உள்ளே போடுவார்கள் என்று மிரட்டியிருக்கிறார். அந்தப் பயத்தில் அம்மம்மா ஆறு மாதமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டாருக்கே மாதர் சங்கக் கூட்டத்தில்தான் விடயம் தெரியவந்தது.

இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று நேரில் பார்த்தோம். இரண்டு பெண்களும் ஒரே மாதிரியான வேலைக்குத்தான் போனார்கள். ஒரே கடனுக்காகத்தான் போனார்கள். இருவருக்கும் சம்பளம் நின்றது. ஒரு வீட்டில் பிடித்து இழுக்க ஒரு கயிறு இருந்தது, மற்ற வீட்டில் இல்லை. சட்டப்படி போவது என்பது எம்மைப் பொறுத்தவரை இதுதான். ஒருவர் போன இடத்தில் விழுந்தால், வீட்டில் இருப்பவர் யாரையாவது கேள்வி கேட்க முடிய வேண்டும். அந்த உரிமையைத் தருவதால்தான் அந்தக் கடதாசிக்கு மதிப்பு.

கடதாசியும் பொய் சொல்லும்

ஆனால் கடதாசி இருந்தால் எல்லாம் சரி என்று நாம் எழுதினால், ஈச்சிலம்பற்றுக்கு வடக்கே அதே கொட்டியாரக் கரையில் இருக்கும் மூதூர் எம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கும். றிசானா நபீக்கின் ஊர் அது.

றிசானா 1988 பெப்ரவரியில் பிறந்தவர். 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவருக்கு வயது 17. அவருடைய கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. வறிய வீட்டின் மூத்த பிள்ளையை 23 வயதுப் பெண்ணாக மாற்றியது அந்தக் கடதாசி. போய்ச் சில வாரங்களுக்குள், அவர் பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றார் றிசானா. கொலை என்றது வழக்கு. சரியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், சட்டத்தரணி இல்லாமல் எடுத்த வாக்குமூலம் அவருக்கு எதிராக நின்றது. அதை அவர் பிறகு மறுத்தார். 2007இல் மரண தண்டனை விதித்தார்கள். உலகமெங்கும் இருந்து வேண்டுகோள் போயும், 2013 ஜனவரி 9ஆம் திகதி அந்தத் தண்டனையை நிறைவேற்றினார்கள்.

றிசானாவின் பயணம் சட்டபூர்வமானதா, சட்டவிரோதமானதா? கடவுச்சீட்டு இருந்தது, விசா இருந்தது, வேலையும் இருந்தது. உள்ளே இருந்த வயது மட்டும் பொய். அந்தப் பொய்யால் யார் லாபம் அடைந்தார்கள், யார் தண்டனை அடைந்தார் என்று யோசித்துப் பாருங்கள். எமது தோட்டங்களிலும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் பிழை உள்ள, அடையாள அட்டை பிந்தி எடுத்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வயதைக் கூட்டி எழுதித் தருகிறோம் என்று வருபவர் உதவிக்காரர் அல்ல. பிழை வந்த நாளில் அந்தப் பொய்யின் சுமை முழுவதும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும்.

விசிட் விசாக் கதையும் ஓர் ஊரோடு முடிவதில்லை. 2022 நவம்பரில், சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்டு ஓமானில் மாட்டிக்கொண்ட இலங்கைப் பெண்களின் செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த விவகாரத்தில் அங்குள்ள எமது தூதரகத்தில் வேலை பார்த்த அதிகாரி ஒருவரே கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்துக் கைது செய்யப்பட்டார். ஆகவே, படிக்காத பெண்கள் ஏமாறுகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர்களை ஏமாற்றுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

கடலால் போனவர்கள்

இரண்டாம் நாள் கரைப் பக்கம் போனோம். அங்கே ஒரு வீட்டில் அப்பா 2012இல் படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். அந்த ஆண்டு கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் படகுக்கு மேல் படகாகப் போனது பலருக்கும் நினைவிருக்கும். 2012இல் இலங்கையிலிருந்து மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் அப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் வேலை தேடிப் போனவரும் உண்டு, உயிருக்குப் பயந்து போனவரும் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு காரணமும் இருந்ததும் உண்டு. அடைக்கலம் கேட்பது குற்றமல்ல என்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்த அப்பாவுக்குக் கிடைத்தது தற்காலிகப் பாதுகாப்பு விசா. அதை வைத்திருப்பவர் மனைவியையும் பிள்ளைகளையும் அங்கே அழைக்க முடியாது. 2023 பெப்ரவரியில், அப்படி இருந்த ஏறக்குறைய 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்த நாட்டு அரசாங்கம் அறிவித்தது. அதற்குள் பத்து ஆண்டு போய்விட்டது. அவர் போகும்போது பாலர் பாடசாலையில் இருந்த மகள், நாம் போனபோது சாதாரண தரம் முடித்திருந்தாள். "அப்பாட குரல் தெரியும். ஆளைக் கண்டா ரோட்டில மட்டுக்கட்ட மாட்டன் எண்டு நினைக்கிறன்" என்று சிரித்தபடி சொன்னாள். அவளுடைய அம்மா சிரிக்கவில்லை.

அந்த வழியும் இப்போது மூடப்பட்டதுபோலத்தான். 2013க்குப் பிறகு படகில் போகிறவர்களைக் கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பி வந்தவர், அனுமதியில்லாத இடத்திலிருந்து நாட்டை விட்டுப் போன குற்றத்துக்காக இங்கே நீதிமன்றத்தில் நிற்கிறார். படகுக்காக வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது. 2022 நவம்பரில் தென்சீனக் கடலில் தத்தளித்த கப்பலொன்றிலிருந்து 303 இலங்கையரை மீட்டு வியட்னாமில் இறக்கினார்கள். இந்த வழியை இன்னும் விற்றுக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

பிள்ளைகளின் கணக்கு

ஆசிரியர்களான எமக்கு இந்த விடயம் முதலில் தெரிவது வரவுப் புத்தகத்தில்தான். வெள்ளிக்கிழமை வராத பிள்ளை, பிறகு திங்களும் வராத பிள்ளை. வீட்டுப்பாடக் கொப்பியில் கையெழுத்துப் போட ஆளில்லாத பிள்ளை. தம்பியைப் பார்க்க ஒன்பதாம் ஆண்டோடு நின்றுவிட்ட அக்கா. ஈச்சிலம்பற்று ஆசிரியர்களோடு இருந்து பேசியபோது, ஊரை மாற்றினால் எமது பாடசாலையின் கதையையே சொல்கிறார்களோ என்று தோன்றியது.

அதை வைத்து நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா பதிவு செய்து போனாரா, செய்யாமல் போனாரா என்பது பிள்ளையின் ஏக்கத்தைக் குறைப்பதில்லை. குவைத்தில் இருப்பவரின் வீட்டில் சின்னவன் மாமியைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறான். கடதாசி அவனுக்குத் தாயாகிவிடாது.

ஆனால் மற்ற விடயங்களில் வித்தியாசம் பெரிது. பதிவு செய்து போன வீட்டில் காசு ஓரளவு ஒழுங்காக வருகிறது. கொப்பி, சப்பாத்து, டியூசன் காசு நிற்பதில்லை. எப்போது வருவார் என்று பிள்ளைக்குச் சொல்ல ஒரு திகதி இருக்கிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிய அம்மா வருவா என்று நாட்காட்டியில் குறிக்கலாம். மற்ற வீட்டில் அந்தத் திகதி இல்லை. வருவாவா என்பதே தெரியாது. பெரியவர்கள் எதையோ ஒளிக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும், என்னவென்று தெரியாது. வகுப்பில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் பேச்சை நிறுத்திக்கொண்டால், இப்படியான ஒரு வீட்டிலிருந்து வருகிறதா என்று விசாரிக்க நாம் பழகிவிட்டோம்.

எமக்குத் தெரியாத கதையா?

தோட்டத் தொழிலாளருக்கு இது புதிய கதையல்ல. எமது முன்னோரும் கடல் கடந்து வேலைக்கு வந்தவர்கள்தான். பெரிய கங்காணி ஊருக்கு வந்து முற்பணம் கொடுத்தான். அந்த முற்பணமே கடனானது. துண்டு முறையை எமது மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவனுடைய கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி அவனை எடுக்கும். துண்டு இல்லாமல் போனால் ஓடிப்போனவன், குற்றவாளி. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது.

இன்று வளைகுடா நாடுகளில் கபாலா என்று ஒரு முறை இருக்கிறது. தொழிலாளியின் விசா எசமானின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். சில நாடுகளில் இதைத் தளர்த்தியிருந்தாலும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தத் தளர்வு போய்ச் சேருவது அரிது. அடி தாங்காமல் அவர் கதவைத் திறந்து ஓடினால், ஓடிய நிமிடத்திலிருந்து அவர் சட்டவிரோதமானவர். நேற்றுவரை எல்லாப் பத்திரமும் சரியாக இருந்தவர் இன்று ஒளிந்து திரிய வேண்டும். கடவுச்சீட்டு எசமானின் அலுமாரியில் இருக்கிறது. சவூதியிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் தொழிற்சங்கம் அமைக்கவும் முடியாது. துண்டு முறை ஒழிந்து நூறு ஆண்டுக்குப் பிறகு, எமது பேத்திமார் இன்னொரு துண்டுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம், ஒரே கையெழுத்தில் எமது மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. எமது பெரியவர்கள் ஓர் அடியும் நகரவில்லை. அதே லயத்தில், அதே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சட்டம்தான் அவர்களைக் கடந்து போனது. தலைமுறையாக இங்கே உழைத்தவர்களைக் கள்ளத்தோணி என்று கேலி செய்தார்கள். பிறகு 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்தன. அந்தப் பயணத்துக்கு எல்லாப் பத்திரமும் இருந்தது. முத்திரையும் இருந்தது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்த அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று எமது மூத்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

இந்த வரலாறு உள்ள நாம், படகில் போனவரையோ விசிட் விசாவில் போனவரையோ கள்ளமாகப் போனவர் என்று சொல்லக் கூடாது. அந்தச் சொல் எம் மீது எறியப்பட்ட கல். அதை எடுத்து இன்னொருவர் மீது எறிவது எமக்கு அழகல்ல. வழி பிழையாக இருக்கலாம். போன மனிதர் கள்ளர் அல்ல.

தடை போட்டால் நிற்குமா?

அம்மாமார் போவதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்று எமது சங்கத்திலும் சிலர் சொல்கிறார்கள். பிள்ளைகள் படும் பாட்டைக் கண்டு சொல்வதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு விதி ஏற்கெனவே இருந்தது. 2013இலிருந்து குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கேட்டார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்றார்கள். 2022 ஜூனில் அமைச்சரவை அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. அந்தக் காலமெல்லாம் தாய்மார் போகாமல் இருந்தார்களா? கடன் கட்டும் கிழமை, பிள்ளைக்கு வயது வரும்வரை காத்திருக்காது. முன் கதவு பூட்டியிருந்ததால் பின் கதவால் போனார்கள். ஈச்சிலம்பற்றின் எதிர் வீட்டு அம்மா போனதும் அப்படித்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளையைப் பற்றிய அந்த அறிக்கையைத் தாயிடம் மட்டுமே கேட்டார்கள். கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போகும் அப்பாவிடம், உன் பிள்ளையை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையின் நலன்தான் நோக்கம் என்றால் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். போகாதே என்று சொல்வதற்காகக் கேட்கக் கூடாது. போன பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று அறிவதற்காகக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் 2024இல் 650 கோடி அமெரிக்க டொலருக்கும் மேல். எரிபொருள் வாங்கவும் மருந்து வாங்கவும் நாட்டுக்குக் கைகொடுத்தது அந்தப் பணம். அதை அனுப்பியவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இந்த நாடு என்ன கொடுக்கிறது என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

போக நினைப்பவருக்கு முதலில். உப தரகரின் வாய்ப்பேச்சை நம்பிப் போகாதீர்கள். முகவர் நிலையத்துக்கு உரிமம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். முற்பணம் கொடுத்தால் அது எதற்கு, திரும்பக் கேட்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். பிறந்த திகதியில் ஒரு நாள்கூட மாற்ற விடாதீர்கள். பணியகப் பதிவோடு காப்புறுதியும் வருகிறது. அந்தப் பற்றுச்சீட்டு பயணப் பையில் மட்டும் இருந்தால் போதாது. எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் இருக்கட்டும்.

ஏற்கெனவே பதிவில்லாமல் போனவரின் வீட்டாருக்கு அடுத்தது. வெட்கத்தாலும் பயத்தாலும் மறைக்காதீர்கள். பதிவு செய்யாமல் போனவரும் இலங்கைப் பிரசைதான். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் விவகாரப் பிரிவில் முறையிடலாம். ஏமாற்றி ஆளைக் கொண்டுபோவது எமது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். 2006இல் அந்தச் சட்டத்தை இன்னும் விரிவாக்கினார்கள். அதில் குற்றவாளி கொண்டுபோனவர்தான். முற்பணத்தைக் காட்டி மிரட்டுபவரிடம் தனியாகப் பேசாதீர்கள். தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய போன் இலக்கம், வட்ஸ்அப் குரல் பதிவு, காசு வந்த வங்கித் துண்டு, விமான டிக்கட்டின் படம் என்று எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அவையும் பிடித்து இழுக்கக் கூடிய நூல்கள்தான்.

சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி போட வேண்டும். யார் போனார், எந்த நாட்டுக்கு, எந்த முகவர் ஊடாக, பிள்ளைகள் யாரிடம், எந்தப் பாடசாலையில் என்று எழுதி, குடும்பத்தாரின் சம்மதத்தோடு பத்திரமாக வைக்க வேண்டும். செக்ரோலில் பெயர் விழுந்ததா என்று பார்க்கப் பழகிய எமக்கு இது பெரிய வேலையல்ல. ஈச்சிலம்பற்று மாதர் சங்கத்தார் அப்படி ஒரு கொப்பியைத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் எதிர் வீட்டு அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறார்கள். அம்மம்மாவோடு இருவர் போய் முறைப்பாடும் கொடுத்துவிட்டார்கள். இதை எழுதும்வரை பதில் இல்லை. ஆனால் அந்த வீட்டு விடயத்தை இப்போது ஊரே கேட்கிறது.

அரசாங்கத்திடம் எமது கோரிக்கைகள் மூன்று. பதிவும் பயிற்சியும் தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் கிட்ட வர வேண்டும், தமிழில் நடக்க வேண்டும். உரிமமில்லாத உப தரகர் மீது வழக்கு வர வேண்டும். பெற்றோர் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பாடசாலையிலும் பொறுப்பான ஒருவரை நியமிக்க வேண்டும்.

இவை எல்லாம் போகிறவரைப் பாதுகாக்க. போக வேண்டிய கட்டாயமே இல்லாமல் செய்வது எமது சம்பளப் போராட்டம். இரண்டும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள். மலையில் வாழக்கூடிய சம்பளமும், ஈச்சிலம்பற்றில் கடனில்லாத வலையும் வயலும் இருந்தால், அந்தத் தரகரின் மோட்டார் சைக்கிள் ஒரு வாசலிலும் நிற்காது.

தோழர்களே, அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்தில் வெளிநாட்டில் இருப்பவர் யாராவது உண்டென்றால் அவருடைய கடதாசிகள் வீட்டில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் அதையும் வந்து சொல்லுங்கள். கொப்பியை நாம் கொண்டு வருகிறோம்.